ஊசி எங்கே நிற்கிறது?

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த ஒரு பயாப்ஸியின் ரிப்போர்ட் இன்னும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "நாட்பட்ட அழற்சி. புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை." வலது நுரையீரலின் கீழ்மடலில், முதுகுப் பக்கமாக, விலா எலும்பை ஒட்டினாற்போல 14 மில்லிமீட்டர் கட்டி. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அன்றைக்கு எல்லாமே அமைந்துவந்த மாதிரிதான் இருந்தது. மூச்சுக்குழாய் வழியாக ரேடியல் அல்ட்ராசவுண்ட் புரோபை (சுற்றிலும் இருப்பதை ஒலி அலையால் காட்டும் மெல்லிய கம்பி) உள்ளே விட்டதும் திரையில் நட்டநடுவில் புரோப், சுற்றிலும் கறுப்பாகக் கட்டி, பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம் என்பது போல ஒரு படம். "சூப்பர் சார், நடுவுலயே நிக்குது" என்றார் டெக்னீஷியன். ஆறு துண்டு எடுத்தேன். ரிப்போர்ட் வந்ததும் அந்த அம்மாவுக்கு முன்னால் நான்தான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். நான்கு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் கட்டி 19 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சையில் அடினோகார்சினோமா, அதாவது நுரையீரல் புற்றுநோய்.

பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. மயக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தவரின் நுரையீரல் அடிப்பகுதி காற்றிழந்து சுருங்கிப்போயிருக்கிறது. சுருங்கின நுரையீரலும் அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரியே கறுப்பாகத்தான் தெரியும். நான் அதைத்தான் ஆறு முறை கடித்து எடுத்து பேத்தாலஜிக்கு அனுப்பியிருக்கிறேன். உண்மையான கட்டி பக்கத்திலேயே, ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரை சென்டிமீட்டரோ தள்ளி, பேசாமல் இருந்திருக்கிறது.

நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டிகளில் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விடும் கேமரா குழாய்) வழியாகத் திசு எடுப்பதை எப்படி மேம்படுத்துவது என்று பேச்சு எடுத்தாலே இப்போது எல்லோரும் ரோபோவில்தான் போய் நிற்கிறார்கள். ரோபோ மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது, கீழே அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் நாம் தவறவிடும் கட்டிகளில் நிறையவற்றைப் பெரிய செலவில்லாத, அலுப்புத் தட்டுகிற சில வேலைகளைச் சரியாகச் செய்தாலே பிடித்துவிடலாம் என்பது என் கட்சி. அந்த 14 மில்லிமீட்டருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை பெரும்பாலும் அந்த வகைதான்.

முதலில் இத்தனை சின்னக் கட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு வார்த்தை. முன்பெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு வளர்ந்தபிறகுதான் எங்களிடம் வருவார்கள். 2011இல் வெளியான அமெரிக்காவின் என்.எல்.எஸ்.டி. ஆய்வு, அதிகம் புகைபிடித்த 53,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யும் மறு பாதிக்கு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தது. சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில், எடுத்த சி.டி.க்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றில் ஏதோ ஒன்று இருப்பதாக வந்தது. அப்படி வந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோயே இல்லை. 2020இல் ஐரோப்பாவின் நெல்சன் ஆய்வும் ஸ்கிரீனிங்குக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆக, இனிமேல் எங்கள் மேசைக்கு வரப்போவது 8, 10, 14 மில்லிமீட்டர் கட்டிகள். அவற்றில் எது சாது, எது பொல்லாதது என்று சி.டி.யை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமை பலமுறை வரும்.

அப்படி வரும்போது, காத்திருந்து மறுபடி சி.டி. எடுக்கலாம். நேராக அறுவை சிகிச்சைக்குப் போகலாம். நெஞ்சுச்சுவர் வழியாக சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி போடலாம். இல்லாவிட்டால் மூச்சுக்குழாய் வழியாகப் போகலாம். நெஞ்சு வழி ஊசி ரொம்ப காலமாகக் கைகொடுத்துவரும் நல்ல முறைதான், ஆனால் அது நுரையீரலின் உறையைக் குத்திக்கொண்டு போகிறது, அதனால் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கும் நிமோதோராக்ஸ் அதன் கூடவே பிறந்த வியாதி. அமெரிக்காவின் நான்கு மாநில ஆவணங்களை வைத்து 2011இல் வெளியான ஒரு கணக்கில் 15 சதவீதம் பேருக்கு நிமோதோராக்ஸ், 6.6 சதவீதம் பேருக்கு நெஞ்சில் குழாய் போடும் நிலை. ஏற்கெனவே எம்ஃபைசிமாவில் (காற்றறைகள் சிதைந்துபோகும் நோய்) நுரையீரல் நைந்துபோனவருக்கு இது விளையாட்டல்ல.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த வெரிட்டாஸ் ஆய்வு 2025இல் வந்தது. 10 முதல் 30 மில்லிமீட்டர் வரையிலான கட்டிகள். சி.டி.யை வரைபடமாக வைத்து வழிகாட்டும் நேவிகேஷன் பிராங்கோஸ்கோப்பியில் சரியான முடிவு கிடைத்தது 79 சதவீதம், நெஞ்சு வழி ஊசியில் 73.6 சதவீதம், அதாவது பிராங்கோஸ்கோப்பி சளைத்ததல்ல என்று நிரூபணமாயிற்று. நிமோதோராக்ஸ் 3.3 சதவீதத்துக்கு எதிராக 28.3 சதவீதம். இந்த இரண்டாவது ஜோடி எண்களைப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் 79ஐப் பார்த்து யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம், அவர்கள் எல்லாம் இதையே தொழிலாகச் செய்யும் மையங்கள். அமெரிக்க மார்பு மருத்துவர்கள் சங்கத்தின் 2013ஆம் வருட வழிகாட்டுதலில், 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓரக் கட்டிகளில் சாதாரண பிராங்கோஸ்கோப்பியின் உணர்திறன் (இருக்கும் புற்றுநோயைப் பிடிக்கும் விகிதம்) 34 சதவீதம் என்று இருக்கிறது. மூன்றில் ஒன்று. நம்மில் பலரும் இன்னும் அந்த 34க்கும் 79க்கும் நடுவில் எங்கேயோதான் இருக்கிறோம்.

கஷ்டம் எங்கே என்றால், மூச்சுக்குழாய் ஒரு மரம். அடிமரத்திலிருந்து காற்றறை வரைக்கும் சுமார் 23 முறை கிளை பிரிகிறது. சாதாரண பிராங்கோஸ்கோப்பின் வெளிவிட்டம் 5, 6 மில்லிமீட்டர். நாலாவது, ஐந்தாவது கிளைப் பிரிவுக்கு மேல் உடம்பு நுழையாது. அங்கே நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஃபோர்செப்ஸை (திசுவைக் கடித்தெடுக்கும் இடுக்கி) நீட்டி, ஃப்ளூரோஸ்கோப்பி என்ற ஓடும் எக்ஸ்ரேயின் திரையில் நிழலைப் பார்த்துக் கடிக்கிறோம். சின்னக் கட்டி ஃப்ளூரோஸ்கோப்பியில் பல நேரம் தெரியவே தெரியாது. 1960களில் ஜப்பானின் ஷிகெதோ இகேதா வளையும் பிராங்கோஸ்கோப்பை உருவாக்கியதிலிருந்து நடந்த முன்னேற்றம் எல்லாம் ஒருவகையில் இந்த ஒரே சிக்கலைச் சுற்றித்தான்: ஸ்கோப் நின்றுவிட்ட இடத்துக்கும் கட்டி இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள கண்தெரியாத தூரம்.

நான் முதலில் மாற்றியது ஸ்கோப்பைப் பிடிப்பதற்கு முந்தின நாள் ராத்திரியை. சி.டி.யை ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகளாக வாங்கிக்கொண்டு, கட்டியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கிளையாகப் பிடித்து நடுக்குழாய் வரைக்கும் வந்து, அந்தப் பாதையைக் காகிதத்தில் பென்சிலால் வரைவது. எந்தப் பிரிவில் எந்தத் துளை, கடிகார முள் எந்தத் திசையில் என்று. சி.டி. படத்தைக் காலடியிலிருந்து தலையை நோக்கிப் பார்க்கிற மாதிரிதான் காட்டுகிறார்கள், ஸ்கோப்போ கீழ்மடலுக்குப் போகும்போது மேலிருந்து கீழே பார்க்கிறது, அதனால் இடம் வலம் மாறிவிடும்; இதை மண்டைக்குள் திருப்பிக்கொள்ளாமல் உள்ளே போனால் மூன்றாவது திருப்பத்திலேயே வேறு தெருவுக்குள் நுழைந்திருப்போம், அங்கே போய் "கட்டியைக் காணோமே" என்று தேடிக்கொண்டிருப்போம். வர்ச்சுவல் பிராங்கோஸ்கோப்பி மென்பொருள் இருந்தால் இதைச் சுலபமாகச் செய்துகொடுக்கும். இல்லாதவர்களுக்குப் பென்சில் போதும். அரைமணி நேரம் ஆகும். என் அனுபவத்தில், சாதனம் எதுவாக இருந்தாலும் இந்த அரைமணியின் அளவுக்கு வேறெதுவும் எனக்குத் திருப்பிக் கொடுத்ததில்லை.

வரையும்போதே இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்: கட்டிக்குள் ஒரு மூச்சுக்குழாய் நேராக நுழைகிறதா? பிராங்கஸ் சைன் என்பார்கள். இருந்தால் யோகம். இல்லாமல் குழாய் கட்டியை உரசிக்கொண்டு மட்டும் போகிறது என்றால், அன்றைக்கு ஃபோர்செப்ஸை நம்பிப் போகக்கூடாது, ஊசி தயாராக இருக்க வேண்டும், அல்லது இந்த நோயாளியை பிராங்கோஸ்கோப்பிக்கே எடுக்காமல் நெஞ்சு வழி ஊசிக்கு அனுப்புவது நல்லதா என்று அப்போதே யோசிக்க வேண்டும். அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. விலா எலும்பை ஒட்டிய கட்டி, எம்ஃபைசிமா இல்லாத நுரையீரல் என்றால் நானே அனுப்புவேன்.

அடுத்தது ஸ்கோப்பின் பருமன். 3 மில்லிமீட்டர் பருமனுள்ள அல்ட்ராதின் ஸ்கோப்புகளில் 1.7 மில்லிமீட்டர் வேலைக்குழாய் இருக்கிறது, ரேடியல் புரோப் அதற்குள் போய்விடும். ஜப்பானில் ஓகி குழுவினர் இதை 4 மில்லிமீட்டர் ஸ்கோப்பும் கைடு ஷீத்தும் (கருவிக்கு வழிகாட்டும் மெல்லிய உறை) சேர்ந்த முறையோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். கண்டுபிடிப்பு விகிதத்தில் 74 சதவீதத்துக்கு 59 சதவீதம் என்று மெல்லியது ஜெயித்தது. சின்னத் துண்டுதானே வரும் என்று நானும் அதை ஓரமாக வைத்திருந்தவன்தான். பெரிய ஃபோர்செப்ஸால் தப்பான இடத்தில் கடித்த பெரிய துண்டைவிடச் சரியான இடத்தில் கடித்த குட்டித் துண்டு மேல் என்பது கேட்கும்போது ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

சரி, ரேடியல் அல்ட்ராசவுண்டுக்கு வருவோம், என்னை ஏமாற்றியது அதுதானே. 1.4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி, நுனியில் சுற்றும் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலிமூலம். காற்று நிறைந்த நுரையீரலில் அது காட்டுவது பழைய டிவியில் நிகழ்ச்சி முடிந்தபிறகு வரும் வெள்ளைப் புள்ளிக் குப்பை. கட்டிக்குள் நுழைந்ததும் கறுப்பாகி, ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். புரோப் கட்டிக்கு நடுவில் இருக்கிறதா, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் எல்லாம்: குரிமோட்டோ குழு 2004இல் கைடு ஷீத்தோடு செய்த ஆய்வில் புரோப் கட்டிக்குள் இருந்தபோது 87 சதவீதம், பக்கவாட்டில் இருந்தபோது 42 சதவீதம்தான் கண்டுபிடிப்பு. அதனால் பக்கவாட்டுப் படம் வந்தால் திருப்தியடையாமல் வெளியே வந்து, அடுத்த சின்னக் கிளைக்குள் நுழைந்து, நடுவில் நிற்கும் படம் வரும்வரைக்கும் தேட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். எனக்கு அன்றைக்கு வந்ததோ நடுவில் நிற்கும் படம்! சுருங்கின நுரையீரலுக்குள் புரோபை விட்டால் எந்தப் பக்கம் பார்த்தாலும் சுருங்கின நுரையீரல்தான், அப்புறம் படம் நடுவில் நிற்காமல் என்ன செய்யும்?

நுரையீரல் இப்படிக் காற்றிழந்து சுருங்குவதை அட்டலெக்டாசிஸ் என்பார்கள், அது எவ்வளவு சகஜம் என்பது கொஞ்ச வருடங்களாகத்தான் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. மயக்கம் கொடுக்கும்போது வழக்கமாக நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் அவ்வளவாகக் கரையாது, அது காற்றறைகளுக்குள் தங்கி முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். அதை விரட்டிவிட்டு ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால் ரத்தம் அதை உறிஞ்சிக்கொள்ள, காற்றறை அப்படியே உட்கார்ந்துவிடும். மல்லாந்து படுத்திருப்பதால் முதுகுப் பக்கமும் அடிப்பகுதியும்தான் முதலில் போகும். நேரம் ஆக ஆக மோசமாகும்.

2022இல் வெளியான வெஸ்பா என்ற ஆய்வு இதற்கு மருந்தைக் காட்டியது, அந்த மருந்து வென்டிலேட்டரிலேயே ஏற்கெனவே இருக்கும் ஒரு குமிழ். நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, போட்டவுடன் நுரையீரலை ஒருமுறை அழுத்தம் கொடுத்து நன்றாக விரியவைத்து, ஆக்சிஜனை நூறிலிருந்து குறைத்து, மூச்சு வெளியேறும்போதும் நுரையீரலைத் திறந்தே வைக்கும் பீப் அழுத்தத்தை 8 முதல் 10 வரை வைத்தார்கள். வழக்கமான முறையில் 84 சதவீதம் பேருக்கு அட்டலெக்டாசிஸ், இந்த முறையில் 29 சதவீதம். மொத்தமே 76 நோயாளிகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எங்கள் மயக்கமருந்து மருத்துவரிடம் போனேன். அவர் என்னைவிட சீனியர், கொஞ்சம் பயம் உண்டு. "சார், ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைச்சு வைக்கலாமா?" என்றதும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ பாட்டுக்கு குழாய்க்குள்ள ஒரு குழாயை விட்டு அடைச்சுடுவ, ஆக்சிஜன் இறங்கினா அப்புறம் யாரு பாக்கறது?" நியாயமான கேள்வி. பீப்பை ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளிகளும் உண்டு. அதனால் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: பெரிய அளவு டியூப், ஆரம்பத்திலேயே ஒருமுறை விரியவைப்பது, ஆக்சிஜன் அளவு நோயாளி தாங்கும் அளவுக்குக் குறைத்து, அளவு இறங்கினால் அவர் கையை உயர்த்துவார், நான் ஸ்கோப்பை வெளியே இழுத்துவிடுவேன், கேள்வி கிடையாது. கீழ்மடல் கட்டிகளுக்கு மயக்கம் கொடுத்து டியூப் போட்டதிலிருந்து கட்டியை அடையும் வரைக்கும் நேரத்தை வீணாக்காமல் இருப்பது. முன்பெல்லாம் முதலில் நிதானமாக மூச்சுக்குழாய் முழுக்கச் சுற்றிப் பார்த்து, நிணநீர் முடிச்சுகளில் ஊசி போட்டு, எல்லாம் முடித்தபிறகு கடைசியில் கட்டிக்குப் போவேன். அதற்குள் அடிப்பகுதி சுருங்கிக் கிடக்கும். இப்போது கட்டிதான் முதலில். அப்புறம் இன்னொன்று, கறுப்பாகத் தெரிந்தவுடன் கடிக்காமல் புரோபை அடுத்த கிளைக்குள்ளும் விட்டுப் பார்க்கிறேன், அங்கேயும் அதே கறுப்பு இருந்தால் அது கட்டியாக இருக்க வாய்ப்பில்லை.

சுருங்குவது ஒரு தொல்லை என்றால் நகர்வது இன்னொன்று. நேவிகேஷன் சாதனங்கள் எல்லாமே முன்கூட்டி எடுத்த சி.டி.யை வரைபடமாக வைத்துக்கொண்டுதான் வழிகாட்டுகின்றன. அந்த சி.டி. எடுத்தபோது நோயாளி முழுமூச்சு இழுத்துப் பிடித்திருந்தார். இப்போது மயக்கத்தில் சின்னச் சின்னதாக மூச்சு போய்வருகிறது. இரண்டு நிலைக்கும் நடுவில் கட்டி எவ்வளவு நகர்கிறது என்று 2015இல் ஒரு குழு அளந்து பார்த்ததில் சராசரி 17.6 மில்லிமீட்டர், கீழ்மடலில் இன்னும் அதிகம். என் நோயாளியின் கட்டியே 14 மில்லிமீட்டர்தான்! வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்துக்குச் சரியாகப் போய் நின்றால் வீடு பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. மின்காந்த நேவிகேஷன் அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்றது; ஆனால் அன்றாட நடைமுறையில் என்ன கிடைக்கிறது என்று 15 மையங்களின் பதிவேட்டைத் தொகுத்து 2016இல் பார்த்தபோது, நேவிகேஷன் மட்டும் பயன்படுத்தியவர்களிடம் கண்டுபிடிப்பு 38.5 சதவீதம்தான் இருந்தது. கடினமான கட்டிகளுக்குத்தான் அதை எடுத்திருப்பார்கள், அதனால் எண்ணை அப்படியே வைத்து அடிக்கக்கூடாது. என்றாலும் விலைக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

அதனால்தான் இப்போது "கருவி கட்டிக்குள் இருக்கிறதா" என்பதைக் கடிப்பதற்கு முன்னால் உறுதிசெய்வதில் கவனம் திரும்பியிருக்கிறது. ஊசியை நீட்டிவைத்துக்கொண்டு, மூச்சைச் சில வினாடிகள் நிறுத்தி, பயாப்ஸி அறையிலேயே வைத்திருக்கும் கோன் பீம் சி.டி.யின் கையைச் சுற்றவிட்டால் முப்பரிமாணத்தில் ஊசியும் கட்டியும் சேர்ந்து தெரியும். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஒரு மையத்தில் பார்வையாளனாக நின்றபோது, அல்ட்ராசவுண்டில் அருமையாகத் தெரிந்த ஒரு கட்டிக்கு ஊசி போட்டார்கள், சுற்றிப் பார்த்தால் ஊசி கட்டியின் தோளை உரசிக்கொண்டு வெளியே நிற்கிறது. இரண்டு மில்லிமீட்டர் திருப்பினார்கள், உள்ளே போயிற்று. அந்த இரண்டு மில்லிமீட்டரை என் வாழ்நாளில் எத்தனை முறை தவறவிட்டிருப்பேன் என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோன் பீம் இல்லாத இடங்களில் சி-ஆர்மை (சி வடிவ எக்ஸ்ரே கருவி) சுற்றவிட்டுப் படம் தொகுக்கும் டிஜிட்டல் டோமோசிந்தசிஸ் ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது. கதிர்வீச்சு கூடும் என்பதை மறக்க முடியாது, நோயாளிக்கும் நமக்கும். அதோடு, நுரையீரல் சுருங்கிவிட்டால் கோன் பீமிலும் கட்டி அந்த வெள்ளைக்குள் மறைந்துபோகும், ஆக மறுபடி மயக்கமருந்து மருத்துவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

இப்போது ரோபோ. மோனார்க் என்ற ரோபோ பிராங்கோஸ்கோப் 2018இல், அயான் என்பது 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அயானின் கத்தீட்டர் 3.5 மில்லிமீட்டர், தன் வடிவத்தைத் தானே உணர்ந்து, விட்ட இடத்தில் அசையாமல் நிற்கும். இந்த அசையாமல் நிற்பதுதான் எனக்குப் பொறாமை. மேல்மடலின் உச்சிக்கு ஸ்கோப்பை வளைத்துக்கொண்டு போய், ஃபோர்செப்ஸை உள்ளே விட்டதும் அதன் விறைப்பில் ஸ்கோப் நுனி நிமிர்ந்து வேறெங்கோ பார்க்கும் அவஸ்தையை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அயானில் கருவியை உள்ளே விட வேண்டுமென்றால் கேமராவை வெளியே எடுக்க வேண்டும், ஆகவே திசு எடுக்கும் அந்தத் தருணத்தில் அதற்கும் கண் கிடையாது. நுரையீரல் சுருங்கினாலும் நகர்ந்தாலும் ரோபோவுக்கும் அதே வரைபடச் சிக்கல்தான். ரோபோவையும் டோமோசிந்தசிஸ் திருத்தம் உள்ள மின்காந்த நேவிகேஷனையும் நேரடியாக மோதவிட்ட ஆய்வில் ரோபோ தோற்கவில்லை, தெளிவாக ஜெயிக்கவும் இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாங்கிவிட்டு அட்டலெக்டாசிஸைக் கவனிக்காவிட்டால் தப்பான இடத்தில் ரொம்ப நிலையாக நிற்கலாம், அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஃபோர்செப்ஸ் வாயைத் திறந்து குழாய்க்குள் இருப்பதைத்தான் கடிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டிக்கு அது எட்டாது. ஊசி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் பக்கவாட்டுப் படம் என்றால் நான் ஊசியில் ஆரம்பிக்கிறேன், சில நேரம் ஊசி போட்ட துளை வழியாகவே பிறகு ஃபோர்செப்ஸும் போகிறது. 1.1 மில்லிமீட்டர் கிரையோபுரோப் வந்தபிறகு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அது நுனியைச் சுற்றி எல்லாப் பக்கமும் உறையவைத்துப் பிய்த்துக்கொண்டு வருவதால் பக்கவாட்டுக் கட்டியிலும் திசு ஒட்டிக்கொள்ளும், துண்டும் நசுங்காமல் பெரிதாக வரும். ரத்தக்கசிவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

துண்டின் அளவு முக்கியமாகிவிட்டது வேறொரு காரணத்தால். "புற்றுநோய்தான்" என்று சொன்னால் போதும் என்ற காலம் போய்விட்டது. எந்த மருந்து கொடுப்பது என்று முடிவுசெய்ய ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்கள், பி.டி.-எல்1 புரதம் என்று புற்றுநோய் மருத்துவர் ஒரு பட்டியலோடு காத்திருப்பார், பி.டி.-எல்1 பரிசோதனைக்கு மட்டுமே குறைந்தது 100 உயிருள்ள கட்டிச் செல்கள் வேண்டும். சைட்டாலஜிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கும் ரோஸ் வசதி இருந்தால், "வெறும் மூச்சுக்குழாய்ச் செல்தான் வருது, இடம் மாத்துங்க" என்று அங்கேயே சொல்லிவிடுவார். அன்றைக்கு எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் ஆறு துண்டையும் ஒரே இடத்தில் எடுத்திருக்க மாட்டேன்.

கடைசியாக, கணக்கு. எங்கள் துறையில் யார் வந்து "எனக்கு 85 சதவீதம் வருகிறது" என்றாலும் முதலில் கேட்க வேண்டியது, எதை வெற்றியாக எண்ணினீர்கள் என்பது. "அழற்சி" என்று வந்ததை வெற்றிக் கணக்கில் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் 85 எடுக்கலாம். இரண்டு அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2024இல் ஒரு கண்டிப்பான வரையறை சொல்லியிருக்கின்றன: அன்றைக்கு எடுத்த திசுவிலேயே புற்றுநோய் என்றோ, காசநோய் மாதிரி குறிப்பான வேறொரு நோய் என்றோ பெயர் சொல்லி வந்தால்தான் அது கண்டுபிடிப்பு. குறிப்பில்லாத அழற்சி கணக்கில் வராது. என் பழைய நோட்டை எடுத்து இந்த அளவுகோலில் மறுபடி எண்ணிப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுதப்போவதில்லை, என் மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள். நான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் 14 மில்லிமீட்டரும் அந்த நோட்டில் வெற்றி என்றுதான் டிக் அடிக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கட்டியோடு அந்த மடலை எடுத்துவிட்டார்கள், நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை, நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நான்கு மாதத்தில் சி.டி. எடுக்கச் சொன்னது என் கெட்டிக்காரத்தனமில்லை, கட்டியின் ஓரம் முள்ளுமுள்ளாக இருந்தது உறுத்துகிறது என்று ரேடியாலஜி நண்பர் பிடிவாதம் பிடித்ததுதான். முதல் ரிப்போர்ட் தப்பாகிப்போனது எப்படி என்று அந்த அம்மாவிடம் படம் வரைந்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப ஊசி எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியலையா டாக்டர்?" என்றார். தெரியலைம்மா என்றேன்.

இப்போது என் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "கருவி கட்டிக்குள் இருப்பது உறுதிசெய்யப்பட்டதா: ஆம் / இல்லை / எதை வைத்து." இல்லை என்று எழுதும் நாட்களில், அழற்சி என்று முடிவு வந்தால் அதை விடை கிடைக்காத பயாப்ஸியாக எடுத்துக்கொண்டு நோயாளியை அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டுப் பேசுகிறேன். போன மாதம் மூன்று முறை இல்லை என்று எழுதினேன்.